அமெரிக்கக் கல்லூரி ஐஸ் ஹாக்கி: முதலிடம் யாருக்கு?

அமெரிக்க ஐக்கிய நாட்டில் பல்கலைக்கழக விளையாட்டு மாணவர்களின் மாலைப் பொழுதுபோக்காக நின்றுவிடாமல், முழுநேரப் பயிற்சியாளர், ஆயிரக்கணக்கானோர் அமரும் அரங்கு, வீரர்களுக்கான கல்விக் கட்டண உதவி, தலைமுறை தலைமுறையாகப் பணமும் பற்றும் தரும் பழைய மாணவர்கள் ஆகிய அனைத்தும் சேர்ந்த ஒரு தனி நிறுவனமாகவே வளர்ந்திருக்கிறது. குளிர் மிகுந்த வடமாநிலங்களில் அந்த நிறுவனத்தின் செல்லப்பிள்ளை ஐஸ் ஹாக்கி ஆகும். சறுக்குக் காலணி அணிந்த இரு அணியினர், கோல்காப்பாளர் உட்பட அணிக்கு அறுவராக உறைபனித் தளத்தில் இறங்கி, 'பக்' எனப்படும் கெட்டி ரப்பர் வில்லையை மட்டையால் செலுத்தி எதிரணியின் வலைக்குள் புகுத்த முயலும் இந்த ஆட்டம், இருபது நிமிடம் கொண்ட மூன்று பகுதிகளாக நடைபெறுகிறது. இதில் முதல் பிரிவு எனப்படும் உயர்நிலையில் ஆடும் ஆடவர் அணிகள் அறுபதுக்கும் மேற்பட்டவை உள்ளன. அவற்றுள் வரலாற்றில் தலைசிறந்தது எது என்ற வழக்கு, அந்த மாநிலங்களின் விளையாட்டுப் பற்றாளர்களிடையே நெடுங்காலமாகத் தீராமல் நடந்துவருகிறது.

வழக்கு தீராததற்குக் காரணம், எதை அளப்பது என்பதிலேயே உடன்பாடு இல்லாமைதான். ஓர் ஆண்டின் அணியைப் பற்றிய தீர்ப்பு வேறு. பல்லாண்டுகளாக ஒரே பெயரில், ஒரே ஊரில், ஆள் மாறியும் ஆட்டம் மாறாமல் தொடரும் ஓர் அணி மரபைப் பற்றிய தீர்ப்பு வேறு. மாணவர் நான்கு ஆண்டுகளில் படித்து வெளியேறிவிடுவதால், கல்லூரி அணி ஒன்றின் வீரர்கள் அனைவரும் ஐந்தாம் ஆண்டில் புதியவர்களாகிவிடுகின்றனர். பயிற்சியாளரே மரபின் தூணாக நிற்கிறார். ஆகவே அந்தத் தூண் விலகிய பின்னும், ஆட்ட விதிகளும் போட்டி அமைப்பும் மாறிய பின்னும், கூரை இறங்காமல் நின்றதா என்பதே ஒரு மரபின் பெருமையை அறியச் சரியான சோதனை. கோப்பைகளை எண்ணிப் பார்ப்பது அதன் முதற்படி மட்டுமே. கோப்பைகள் எல்லாம் ஒரே எடை உடையவை அல்ல.

கல்லூரி ஐஸ் ஹாக்கியின் தொடக்கம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமைகிறது. கனடாவின் மாண்ட்ரியல் நகரில் 1875இல் மூடிய அரங்கில் விதிகளோடு ஆடப்பட்ட இந்த ஆட்டத்தை, 1890களின் நடுவில் டென்னிஸ் வீரராகவும் இருந்த மால்கம் சேஸ் போன்ற அமெரிக்க மாணவர்கள் கனடியரிடம் கற்று வந்தனர். அதுவரை அமெரிக்கர் பனிமேல் பந்தை வைத்து ஆடிய 'ஐஸ் போலோ' விரைவில் மறைந்தது. 1896இல் யேலும் ஜான்ஸ் ஹாப்கின்ஸும் பால்டிமோரில் மோதி 2–2 எனச் சமன் செய்தன. 1898 ஜனவரியில் பாஸ்டனில் பிரவுன் பல்கலைக்கழகம் ஹார்வர்டை 6–0 என வென்றது. அடுத்த அரை நூற்றாண்டுக்கு ஆட்டம் பெரும்பாலும் கிழக்குக் கடற்கரையின் பழம்பெரும் பல்கலைக்கழகங்களின் உடைமையாக இருந்தது. பிரின்ஸ்டனின் ஹோபி பேக்கர் அக்காலத்தின் ஒப்பற்ற வீரர். முதல் உலகப் போர் முடிந்த சில வாரங்களில், 1918 டிசம்பரில், பிரான்சில் விமான விபத்தில் அவர் இறந்தார். ஆண்டின் சிறந்த கல்லூரி வீரருக்கு 1981 முதல் வழங்கப்படும் விருது அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

இந்த முதல் அரை நூற்றாண்டைத் தரவரிசைகள் பொதுவாகப் புறக்கணிக்கின்றன என்பது வருந்தத்தக்கது. எடி ஜெரமையாவின் டார்ட்மத் அணி 1940களின் முற்பகுதியில் தொடர்ச்சியாக 46 ஆட்டங்களில் தோல்வியே காணாமல் ஆடியது. அப்போது தேசியப் போட்டி என ஒன்று இல்லாமையால் அந்தச் சாதனைக்கு ஈடாக ஒரு கோப்பைகூட அக்கல்லூரியின் கணக்கில் இல்லை. என்.சி.ஏ.ஏ. எனப்படும் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் தன் முதல் ஐஸ் ஹாக்கிப் போட்டியை 1948இல் நடத்தியபோது இறுதி ஆட்டம் வரை வந்த டார்ட்மத், மிச்சிகன் பல்கலைக்கழகத்திடம் 8–4 எனத் தோற்றது. தேசியக் கோப்பைகளின் கணக்கு அந்த ஆட்டத்திலிருந்துதான் தொடங்குகிறது.

அந்தப் போட்டி நடந்த விதத்தை அறியாமல் மிச்சிகனின் இடத்தை மதிப்பிட இயலாது. கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரின் பிராட்மூர் விடுதி தன் பனி அரங்கில் போட்டியை ஏற்று நடத்த முன்வந்ததால், 1948 முதல் 1957 வரை பத்து ஆண்டும் போட்டி அங்கேயே நடைபெற்றது. கிழக்கிலிருந்து இரண்டு, மேற்கிலிருந்து இரண்டு என நான்கே அணிகள் அழைக்கப்பட்டன. இரண்டு ஆட்டங்களை வென்றால் தேசிய வாகையர். பயிற்சியாளர் விக் ஹெய்லிகரின் மிச்சிகன் அணி பத்து ஆண்டிலும் அழைக்கப்பட்டு, 1948, 1951, 1952, 1953, 1955, 1956 என ஆறு முறை வென்றது. ஆறு கோப்பைகள் பெற்ற வேறு பயிற்சியாளர் ஆடவர் கல்லூரி ஹாக்கியில் இதுவரை இல்லை. ஆயினும் அந்த ஆறு கோப்பைகளும் பன்னிரண்டு வெற்றிகளுக்குக் கிடைத்தவை. இன்று பதினாறு அணிகள் மோதும் போட்டியில் பன்னிரண்டு வெற்றிகளுக்கு மூன்று கோப்பைகளே கிடைக்கும். அந்நாளில் ஆட்டத்தை முனைப்பாக நடத்திய பல்கலைக்கழகங்களும் மிகச் சில. இவற்றைச் சுட்டுவது ஹெய்லிகரின் அணியைச் சிறுமைப்படுத்துவதாகாது, ஏனெனில் அழைக்கப்படுவதற்கே பருவம் முழுவதும் சிறந்து ஆட வேண்டியிருந்தது. ஆனால் 1952இன் கோப்பையையும் 2022இன் கோப்பையையும் ஒரே நிரையில் வைத்து எண்ணுவது நேர்மையான கணக்கு ஆகாது.

ஹெய்லிகருக்குப் பின் 1964இல் ஒரு கோப்பையை வென்ற மிச்சிகன், அடுத்ததற்கு 32 ஆண்டுகள் காத்திருந்தது. அந்த இருளை அகற்றியவர் ரெட் பெரன்சன். 1962இல் மிச்சிகனின் மாணவராக ஆடிய கையோடு நேரே தொழில்முறை லீக்கான என்.எச்.எல்.இல் மாண்ட்ரியல் அணிக்கு இறங்கியவர், தொழில் வாழ்வு முடிந்து 1984இல் தாய்க் கல்லூரியின் பயிற்சியாளராகத் திரும்பினார். அவர் பொறுப்பில் மிச்சிகன் 1996, 1998 ஆகிய ஆண்டுகளின் கோப்பைகளை, இரண்டையும் கூடுதல் நேரத்தில், 3–2 என்ற கணக்கில் வென்றது. 1991 முதல் 2012 வரை 22 ஆண்டுகள் ஓராண்டுகூடத் தவறாமல் தேசியப் போட்டிக்குத் தகுதி பெற்றது, இரண்டு கோப்பைகளைக் காட்டிலும் பெரிய சாதனை எனலாம். ஒன்பது கோப்பைகள் கொண்ட மிச்சிகனைப் பட்டியலின் உச்சிக்கு அருகில் வைக்கப் பெரன்சனின் காலமே முதன்மையான ஆதாரம்.

பிராட்மூர் ஆண்டுகளின் பிற்பகுதியில் எழுந்த ஒரு பூசல், கல்லூரி ஹாக்கியின் போக்கையே மாற்றியது. மேற்குப் பல்கலைக்கழகங்களின் அணிகளில் கனடிய இளைஞர்கள் நிறைந்திருந்தனர். கனடாவின் இளையோர் லீக்குகளில் பல ஆண்டுகள் ஆடித் தேர்ந்து, இருபது இருபத்தொரு வயதில் முதலாண்டு மாணவராகச் சேர்ந்தவர்களும் அவர்களுள் இருந்தனர். டென்வர் பல்கலைக்கழகத்துக்கு 1956இல் பயிற்சியாளராக வந்த முர்ரே ஆர்ம்ஸ்ட்ராங், முன்பு சஸ்காட்செவனின் ரெஜைனா நகர இளையோர் அணியைப் பயிற்றுவித்தவராதலால், அந்த வட்டாரத்தின் திறமை முழுவதையும் டென்வருக்குத் திருப்ப வல்லவராக இருந்தார். மினசோட்டாவின் பயிற்சியாளர் ஜான் மரியூச்சி இதனைக் கடுமையாக எதிர்த்தார். அமெரிக்கக் கல்லூரிகள் அமெரிக்கச் சிறுவர்களுக்கு இடம் தராவிட்டால் இந்த நாட்டில் ஆட்டமே வேர்விடாது என்பது அவருடைய வாதம். பூசல் முற்றி 1958இல் மேற்குப் பல்கலைக்கழகங்களின் லீக் கலைந்தது; ஓராண்டு கழித்து வேறு பெயரில் அது மீண்டும் கூடியபோதும், மினசோட்டா பல பருவங்கள் டென்வருடன் வழக்கமான ஆட்டங்களை வைத்துக்கொள்ளவில்லை.

இருவருமே தத்தம் வழியில் வென்றனர் என்பதுதான் வரலாறு காட்டும் உண்மை. ஆர்ம்ஸ்ட்ராங்கின் டென்வர் 1958, 1960, 1961, 1968, 1969 என ஐந்து கோப்பைகளை எடுத்தது; அவற்றுள் 1961இன் அணி 30 ஆட்டங்களை வென்று, ஒன்றில் தோற்று, ஒன்றைச் சமன் செய்து, இறுதி ஆட்டத்தில் செயின்ட் லாரன்ஸை 12–2 எனச் சிதறடித்தது. மரியூச்சி தேசியக் கோப்பையைத் தொடாமலே விலகினார். ஆனால் அவரிடம் ஆடிய ஹெர்ப் புரூக்ஸ், மினசோட்டாச் சிறுவர்களையே நம்பி 1974, 1976, 1979 ஆகிய ஆண்டுகளில் வாகை சூடினார். 1980 குளிர்கால ஒலிம்பிக்கில் சோவியத் அணியை 4–3 என வென்று தங்கம் பெற்ற அமெரிக்க அணிக்குப் பயிற்சியாளரும் புரூக்ஸே. அந்த அணியின் இருபது வீரர்களுள் ஒன்பது பேர் மினசோட்டாவிலிருந்தும் நால்வர் பாஸ்டன் பல்கலைக்கழகத்திலிருந்தும் வந்தவர்கள். ஐந்து கோப்பைகளோடு நிற்கும் மினசோட்டாவை வெறும் எண்ணிக்கையால் ஆறாம் ஏழாம் இடத்துக்குத் தள்ளுவோர், ஒரு நாட்டின் ஹாக்கியையே அந்தக் கொள்கை வளர்த்ததைக் கணக்கில் கொள்வதில்லை. 23 ஆண்டு வறட்சிக்குப் பின், 2002இல், செயின்ட் பாலில் நடந்த இறுதி ஆட்டத்தில், ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரம் எஞ்சியிருக்க மெய்ன் அணியைச் சமன் செய்த மினசோட்டாவுக்குக் கூடுதல் நேரத்தில் வெற்றிக் கோலை அடித்தவர் கிராண்ட் பொட்டுல்னி. அந்த அணியில் மினசோட்டாவைச் சேராத ஒரே வீரர் அவர்தான்.

கிழக்கில் ஆர்ம்ஸ்ட்ராங் காலத்தின் உச்சம் கார்னெல் பல்கலைக்கழகம். ஆர்.பி.ஐ. எனப்படும் ரென்ஸலர் தொழில்நுட்பக் கல்லூரிக்கு 1954இல் கோப்பை பெற்றுத் தந்த நெட் ஹார்க்னஸ், பின்னர் கார்னெலுக்கு வந்து 1967இல் அதே வெற்றியை மீண்டும் நிகழ்த்தினார். அந்த அணியின் கோல்காப்பாளர், பிற்காலத்தில் மாண்ட்ரியலின் புகழ்பெற்ற காப்பாளராகவும் கனடாவின் அமைச்சராகவும் விளங்கிய கென் டிரைடன். கார்னெலில் அவர் 76 ஆட்டங்களை வென்று நான்கில் மட்டுமே தோற்றார். டிரைடன் பட்டம் பெற்றுச் சென்ற மறு பருவத்தில், 1970இல், கார்னெல் ஆடிய 29 ஆட்டங்களையும் வென்றது. இறுதி ஆட்டத்தின் கடைசிப் பகுதியில் தற்காப்பு வீரர் டான் லோட்போவா தொடர்ந்து மூன்று கோல்கள் அடிக்க, கிளார்க்சன் 6–4 என வீழ்ந்தது. தோல்வியும் சமனும் இல்லாமல் தேசியக் கோப்பை வென்ற ஆடவர் அணி அது ஒன்றே. அதன்பின் வேறெந்த ஆடவர் அணியும் அதை எட்டவில்லை. அதே ஆண்டு ஹார்க்னஸ் டெட்ராய்ட் தொழில்முறை அணிக்குச் சென்றுவிட்டார். அதன்பின் கார்னெல் நல்ல அணியாகவே தொடர்ந்தும், மூன்றாம் கோப்பை இன்றளவும் வரவில்லை. தலைசிறந்த ஒற்றை அணி எது என்று கேட்டால் 1970இன் கார்னெலைத் தயங்காமல் சொல்லலாம். தலைசிறந்த மரபு எது என்ற கேள்விக்கு அது விடையாவதில்லை.

இதே நிலை வேறு சில ஊர்களிலும் காணப்படுகிறது. மிச்சிகன் மாநிலத்தின் வடகோடியில் ஹோட்டன் என்னும் சிற்றூரில் ஜான் மெக்கின்னஸ் கட்டிய மிச்சிகன் டெக் அணி 1962, 1965, 1975இல் வென்றது. அவர் விலகியபின் தேசிய இறுதி ஆட்டம் அவ்வூருக்கு எட்டாக் கனியாயிற்று. கனடிய எல்லையை ஒட்டிய சூ செயின்ட் மேரியில், மாணவர் எண்ணிக்கையில் மிகச் சிறிய லேக் சுப்பீரியர் மாநிலப் பல்கலைக்கழகம் 1988, 1992, 1994 ஆகிய ஆண்டுகளில் கோப்பை பெற்றது. 1992 முதல் 1994 வரை தொடர்ந்து மூன்று இறுதி ஆட்டங்களில் ஆடிய அந்த அணி, மூன்றாவதில் பாஸ்டன் பல்கலைக்கழகத்தை 9–1 என நசுக்கியது; பயிற்சியாளர் ஜெஃப் ஜாக்சன் 1996இல் நீங்கியதும் அந்த ஒளி அணைந்தது. பெரிய பல்கலைக்கழகங்களின் பணபலத்தோடு மோதி இவ்வளவு செய்த ஊர்கள் இவை என்பதால், தரவரிசையில் கீழே வைத்தாலும் மதிப்பில் கீழே வைக்க மனம் வருவதில்லை.

லேக் சுப்பீரியர் ஆடிய அந்த மூன்று இறுதி ஆட்டங்களுள் நடுவில் அமைந்த 1993இன் ஆட்டம், கல்லூரி ஹாக்கியின் மிகச் சிறந்த இருபது நிமிடங்களைக் கொண்டது. ஷான் வால்ஷின் மெய்ன் அணி அந்தப் பருவத்தில் ஒரே ஓர் ஆட்டத்தில் மட்டும் தோற்று மில்வாக்கிக்கு வந்திருந்தது. முதலாண்டு மாணவரான பால் கரியா, 25 கோல்கள் அடித்து 75 கோல்களுக்கு வழிவகுத்து, ஹோபி பேக்கர் விருதைப் பெற்ற முதல் முதலாண்டு மாணவராகியிருந்தார். இரண்டு பகுதிகள் முடிந்தபோது லேக் சுப்பீரியர் 4–2 என முன்னிலையில் இருந்தது. மூன்றாம் பகுதியில் மெய்ன் அணித்தலைவர் ஜிம் மான்ட்கமரி ஐந்து நிமிடத்துக்குள் மூன்று கோல்கள் அடித்தார். மூன்றுக்கும் பக்கைத் தள்ளிக் கொடுத்தவர் கரியா. 42 வெற்றி, ஒரு தோல்வி, இரண்டு சமன் என்ற கணக்கோடு மெய்ன் வாகை சூடியது. பின்னர் விதிமீறல்களுக்காக வால்ஷ் ஓராண்டு இடைநீக்கம் செய்யப்பட்டதும், தேசியப் போட்டிக்குச் செல்ல மெய்னுக்குத் தடை விதிக்கப்பட்டதும், 1999இல் அந்த அணி மீண்டெழுந்து மறுபடி கோப்பை வென்றதும், 2001இல் வால்ஷ் புற்றுநோயால் மறைந்ததும் ஒரே மனிதரின் வாழ்வோடு கட்டுண்ட ஒரு மரபின் கதை.

இதற்குள் போட்டியின் அமைப்பு பெரிதும் மாறியிருந்தது. 1976 வரை நான்காக இருந்த அணிகள் 1981இல் எட்டாகவும், 1988இல் பன்னிரண்டாகவும், 2003இல் பதினாறாகவும் பெருகின. பதினாறு அணிப் போட்டியில் ஒரே தோல்வி வெளியேற்றும் ஆட்டங்கள் நான்கை அடுத்தடுத்து வெல்ல வேண்டும். கோல்காப்பாளர் ஒருவரின் நல்ல இரவோ, சட்டத்தில் பட்டுத் திரும்பும் ஒரு பக்கோ வலிய அணியை வீட்டுக்கு அனுப்பிவிடக்கூடிய ஆட்டம் இது. அப்போது விளையாட்டுக்கென உதவித்தொகை வழங்காதிருந்த யேல் 2013இலும் யூனியன் கல்லூரி 2014இலும் வாகை சூடியதும், 2023இல் கூடுதல் நேரம் தொடங்கிய பத்தே நொடியில் கோல் அடித்து குவின்னிபியாக் மினசோட்டாவை வீழ்த்தியதும் இந்த அமைப்பில்தான். இத்தகைய போட்டியில் ஒரு கோப்பை பெறுவதே அரிது. திரும்பத் திரும்பப் பெறுவது மரபின் வலிமைக்கு மறுக்க முடியாத சான்று.

வலிமையான மரபுகளுள் தொடர்ச்சியில் முதன்மையானது வடக்கு டகோட்டா. கிராண்ட் ஃபோர்க்ஸ் என்னும் சமவெளி நகரம், குளிர்காலம் நீண்ட அந்த நிலத்தில், தொழில்முறை விளையாட்டு அணி எதுவும் அருகில் இல்லாமையால் பல்கலைக்கழக அணியையே தன் அணியாகக் கொண்டது. 1959, 1963, 1980, 1982, 1987, 1997, 2000, 2016 என எட்டுக் கோப்பைகளை, ஐந்து வெவ்வேறு பயிற்சியாளர்களின் கீழ், 1970கள் நீங்கலாக 1950கள் முதல் 2010கள் வரையிலான ஒவ்வொரு பத்தாண்டிலும் அது வென்றிருக்கிறது. அந்தக் கோப்பைகளுக்கு இடையிலான மிக நீண்ட இடைவெளி 17 ஆண்டு. மிச்சிகன் 32 ஆண்டும் டென்வர் 35 ஆண்டும் பாஸ்டன் கல்லூரி 52 ஆண்டும் காத்திருந்ததோடு ஒப்பிட்டால் இதன் அருமை விளங்கும். ஜீனோ காஸ்பரினியின் 1987 அணியில் டோனி ஹர்காக் ஒரே பருவத்தில், கோல்களும் கோலுக்கு உதவியவையும் சேர்த்து, 116 புள்ளிகள் குவித்தார். அந்தக் கல்லூரிச் சாதனை இன்னும் முறியடிக்கப்படவில்லை.

வடக்கு டகோட்டாவின் வரலாற்றில் மறைக்கக் கூடாத ஒரு பகுதியும் உண்டு. அந்த அணி பல பத்தாண்டுகள் 'சூ' என்னும் அமெரிக்கப் பூர்வகுடியினரின் பெயரையும், அக்குடியினர் ஒருவரின் முகச் சின்னத்தையும் தாங்கி ஆடியது. பெயரை நீக்க வேண்டும் என்ற குரல் வலுத்தபோது, பத்துக் கோடி டாலருக்கும் மேல் செலவிட்டுப் புதிய அரங்கைக் கட்டிக்கொண்டிருந்த முன்னாள் கோல்காப்பாளர் ரால்ஃப் எங்கல்ஸ்டாட், பெயர் மாறினால் கட்டுமானத்தை நிறுத்திவிடுவதாக 2000இல் பல்கலைக்கழகத் தலைவருக்கு எழுதினார். அரங்கு 2001இல் திறக்கப்பட்டது. அதன் சுவரிலும் தரையிலும் இருக்கைகளிலும் அந்தச் சின்னம் ஆயிரக்கணக்கில் பதிக்கப்பட்டிருந்தது. மாநில வாக்காளர்கள் 2012இல் பெயரைக் கைவிட ஒப்புக்கொண்ட பின்பே வழக்கு ஓய்ந்தது. ஒரு மக்களின் பெயரை அவர்களிலேயே பலருடைய எதிர்ப்பை மீறிப் பணபலத்தால் காத்துநின்ற அந்த ஆண்டுகள், களத்தில் பெற்ற எட்டுக் கோப்பைகளின் மதிப்பைக் குறைக்காவிட்டாலும், மரபின் பெருமையில் விழுந்த கறை என்றே பதிவாக வேண்டும்.

பாஸ்டன் நகரின் இரு பெரும் அணிகளுக்குத் தனி ஏடே வேண்டும். 1952 டிசம்பரில் தொடங்கிய 'பீன்பாட்' என்னும் நகரப் போட்டியில், ஹார்வர்டு, நார்த்ஈஸ்டர்ன், பாஸ்டன் கல்லூரி, பாஸ்டன் பல்கலைக்கழகம் ஆகிய நான்கும் பிப்ரவரியின் முதல் இரு திங்கட்கிழமைகளில் மோதுவது நகரின் திருவிழாவாகவே நிலைத்துவிட்டது. அதில் முப்பதுக்கும் மேற்பட்ட முறை வென்ற பாஸ்டன் பல்கலைக்கழகம், தேசிய அளவில் ஐந்து கோப்பைகள் பெற்றது. நாற்பது ஆண்டுகள் அதன் பயிற்சியாளராக இருந்த ஜாக் பார்க்கர் 897 ஆட்டங்களை வென்றார். 2009 இறுதி ஆட்டத்தின் கடைசி நிமிடம் தொடங்கும்போது மியாமி அணியிடம் 3–1 எனப் பின்தங்கியிருந்த அவருடைய அணி, எஞ்சிய அந்த ஒரு நிமிடத்தில் இரண்டு கோல்கள் அடித்துக் கூடுதல் நேரத்தில் வென்றது. பாஸ்டன் கல்லூரி 1949இன் கோப்பைக்குப் பின் அரை நூற்றாண்டு ஏங்கியிருந்தது. முன்னாள் மாணவர் ஜெரி யார்க் பயிற்சியாளராகத் திரும்பி 2001, 2008, 2010, 2012 என நான்கு கோப்பைகளை வென்று அந்த ஏக்கத்தைத் தீர்த்தார். 1123 வெற்றிகளோடு 2022இல் ஓய்வு பெற்ற யார்க்கை விடக் கூடுதல் ஆட்டங்களை வென்ற கல்லூரி ஹாக்கிப் பயிற்சியாளர் எவரும் இல்லை. எனினும் அந்த நான்கும் ஒருவரின் கைவண்ணம். அவருக்குப் பின் இம்மரபு எப்படி நிற்கும் என்பதற்கான சோதனை நடந்துகொண்டிருக்கிறது.

இனி டென்வர். இரண்டாம் உலகப் போர் முடிந்து, ஐடஹோவில் தேவையற்றுக் கிடந்த கடற்படைப் பயிற்சிக் கூடம் ஒன்றைப் பிரித்துக் கொணர்ந்து மீண்டும் பூட்டி அரங்காக்கி, 1949இல் ஹாக்கியைத் தொடங்கிய தனியார் பல்கலைக்கழகம் அது. ஆர்ம்ஸ்ட்ராங்கின் ஐந்து கோப்பைகளுக்குப் பின் வந்த 35 ஆண்டு வறட்சியில் அதன் பெயர் பழங்கதையாகிவிடும் நிலை இருந்தது. 2004இன் இறுதி ஆட்டம் அதை மாற்றியது. பாஸ்டனில் மெய்னை எதிர்த்து 1–0 என முன்னிலையில் இருந்த டென்வரின் இரண்டு வீரர்கள் ஆட்டம் முடியும் தறுவாயில் அடுத்தடுத்துத் தண்டனை பெற்று வெளியேறினர். மெய்ன் தன் கோல்காப்பாளரையும் வெளியே எடுத்துக் கூடுதல் தாக்குநரை இறக்கியது. இறுதி ஒன்றரை நிமிடத்தின் பெரும்பகுதியில் ஆறு தாக்குநர்களை எதிர்த்து மூன்றே களவீரர்களும் கோல்காப்பாளர் ஆடம் பெர்க்கோலும் நின்று, விழுந்து, உடலால் பக்கைத் தடுத்து, அந்த ஒற்றைக் கோலைக் காத்தனர். மறு ஆண்டும் பயிற்சியாளர் ஜார்ஜ் குவஸ்டெக்கியின் அணி கோப்பையைத் தக்கவைத்தது. 2017இல் வென்ற டென்வரின் பயிற்சியாளர், 1993இல் மெய்னுக்காக மூன்று கோல்கள் அடித்த அதே ஜிம் மான்ட்கமரி. அவர் தொழில்முறை லீக்குக்குச் சென்றபின் பொறுப்பேற்ற இளைஞர் டேவிட் கார்ல் 2022, 2024 ஆகிய ஆண்டுகளின் கோப்பைகளை வென்றார். பதினாறு அணிப் போட்டி தொடங்கிய 2003 முதல் 2025 வரையிலான காலத்தில் டென்வருக்கு ஐந்து கோப்பைகள், அதுவும் மூன்று பயிற்சியாளர்களின் கீழ். அதே காலத்தில் பாஸ்டன் கல்லூரிக்கும் மினசோட்டா டுலூத்துக்கும் மும்மூன்று, வடக்கு டகோட்டாவுக்கும் மினசோட்டாவுக்கும் ஒவ்வொன்று, மிச்சிகனுக்கு ஒன்றுமில்லை.

பெரும்பாலான தரவரிசைகள் இந்த இடத்தோடு முடிந்துவிடுகின்றன. மகளிர் அணிகளை அவை தனிப் பட்டியலில் ஒதுக்குகின்றன. ஒரு பல்கலைக்கழகத்தின் ஹாக்கி மரபு என்னும்போது அதன் பாதியை விட்டுவிட்டு அளப்பதற்கு நியாயம் எதுவும் இல்லை. மகளிருக்கான தேசியப் போட்டியை என்.சி.ஏ.ஏ. 2001இல்தான் தொடங்கியது, முதல் மூன்று ஆண்டும் மினசோட்டா டுலூத் வென்றது. 2012–13 பருவத்தில் மினசோட்டா மகளிர் 41 ஆட்டங்களையும் வென்று கார்னெலின் 1970க்கு இணையான சாதனையைப் படைத்தனர். ஆனால் இந்தத் துறையின் முடிசூடிய மரபு விஸ்கான்சின். ஆடவர் பிரிவில் அதன் ஆறு கோப்பைகளுள் மூன்றை 1973, 1977, 1981இல் பெற்றுத் தந்தவர் பாப் ஜான்சன். அவருடைய மகன் மார்க் ஜான்சன் 1977இன் அணியில் ஆடியவர், 1980இல் சோவியத் அணிக்கு எதிராக இரண்டு கோல்கள் அடித்தவர், பின்னர் விஸ்கான்சின் மகளிர் பயிற்சியாளராகி 2006 முதல் 2025 வரை எட்டுக் கோப்பைகளை வென்றவர். 2025 இறுதி ஆட்டத்தில் ஒஹையோ மாநில அணியிடம் ஒரு கோல் பின்தங்கி, 19 நொடிகளே எஞ்சியிருக்க, கிர்ஸ்டன் சிம்ஸ் பெனால்டி ஷாட்டைக் கோலாக்கி ஆட்டத்தைச் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் வெற்றிக் கோலும் அவருடையதே. ஆடவரும் மகளிரும் சேர்ந்து பதினான்கு கோப்பைகள் என்ற கணக்கில் விஸ்கான்சினுக்கு முன்னே எந்தப் பல்கலைக்கழகமும் இல்லை.

ஆகவே 2025ஆம் ஆண்டு வரையிலான ஆடவர் வரலாற்றை மட்டும் கொண்டால், இரண்டு யுகங்களிலும், இரண்டு வகைப் போட்டி அமைப்பிலும், நான்கு பயிற்சியாளர்களின் கீழும் பத்துக் கோப்பைகள் வென்ற டென்வருக்கே முதலிடம். தொடர்ச்சியில் டென்வரையும் விஞ்சி நிற்கும் வடக்கு டகோட்டா, கடினமான இன்றைய போட்டியில் ஒரே ஒரு கோப்பை பெற்ற காரணத்தால் மட்டும் இரண்டாமிடத்தில் அமைகிறது. மூன்றாவது மிச்சிகன், நான்காவது பாஸ்டன் கல்லூரி. மினசோட்டா, விஸ்கான்சின், பாஸ்டன் பல்கலைக்கழகம் ஆகிய மூன்றும் அடுத்த நிரையில் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுக்காமல் நிற்கின்றன. மகளிரையும் சேர்த்து அளந்தால், அளக்கவே வேண்டும், விஸ்கான்சின் அனைவரையும் கடந்து உச்சிக்குச் செல்கிறது. கனடாவின் உயர்நிலை இளையோர் லீக்குகளில் ஆடியவர்களைப் பிற்காலத்தில் தொழில்முறையாளர் எனக் கருதி விலக்கிவந்த விதி 2025 ஆகஸ்டு முதல் நீக்கப்பட்டுள்ளது. மரியூச்சியும் ஆர்ம்ஸ்ட்ராங்கும் மோதிக்கொண்ட அதே கேள்வி ஏழு பத்தாண்டுகளுக்குப் பின் மீண்டும் திறந்திருப்பதால், அடுத்த தலைமுறை இந்த வரிசையைத் திருத்தி எழுத நேரலாம்.